வெர்ஜீனியா வூல்ஃப்

வெர்ஜீனியா வூல்ஃப் (சனவரி 25, 1882 - மார்ச் 28, 1941) இங்கிலாந்தைச் சேர்ந்த புதின எழுத்தாளரும் கட்டுரையாளரும் ஆவார். நனவோடை உத்தியை ஆங்கிலப் புதினத்தில் வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவர். இளமை முதல் இவரைத் தொடர்ந்த மனநோயை இன்று பலர் இருமுனையப் பிறழ்வு எனக் கருதுகின்றனர். அந்நோயைக் கருதியே இவர் பிள்ளை பெற வேண்டாம் என முடிவு செய்யப்பட்டது.

இளமை

லண்டனில் பிறந்தார். தந்தை லெஸ்லி ஸ்டீபன் அறியப்பட்ட எழுத்தாளர். தாய் ஜூலியா கல்கத்தாவில் பிறந்தவர். 1895இல் தாய் இறந்தபோது 13 அகவையினரான வெர்ஜீனியா முதன்முறையாக மனமுறிவுக்கு உள்ளானார். 1904இல் தந்தை இறந்தபின் நோய் கடுமையாகத் திரும்பியது.

திருமணமும் பிள்ளைப்பேறும்

ஆகத்து 10, 1912இல் லெனார்டு வூல்ஃபை மணந்தார். லெனார்டு அதற்குமுன் இலங்கையில் பிரித்தானிய அரசுப் பணியில் இருந்தவர், யாழ்ப்பாணத்திலும் பணிபுரிந்துள்ளார்.

மணமான தொடக்கத்தில் வெர்ஜீனியா பிள்ளைகளை விரும்பினார். 1913இன் தொடக்கத்தில் லெனார்டு மருத்துவர்கள் சிலரிடம் கருத்துக் கேட்டார். வெர்ஜீனியாவுக்கு நெடுநாள் மருத்துவம் பார்த்த ஜார்ஜ் சாவேஜ், பிள்ளைப்பேறு அவருக்கு நன்மையே தரும் என்றார். மற்றவர்களின் கருத்துகள் வேறுபட்டன. ஆபத்து மிகுதி என்ற பக்கமே லெனார்டு சாய்ந்தார். வெர்ஜீனியா அதற்கு உடன்பட்டார். லெனார்டின் அச்சம் உண்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளை பெறாமலேயே அவ்வாண்டு செப்டம்பரில் நோய் முற்றி, வெர்ஜீனியா தற்கொலைக்கு முயன்றார். தம் உடலைப் பற்றிய முடிவில் அவர் குரல் எவ்வளவு கேட்கப்பட்டது என்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் விவாதத்திற்குரியது.

தமக்கை வனெசாவுக்கு மூன்று பிள்ளைகள். அவர்களிடம் வெர்ஜீனியா மிகுந்த அன்பு காட்டினார். தமக்குப் பிள்ளை இல்லாததற்குத் தம் தன்னடக்கக் குறைவே காரணம் என 1926இல் நாட்குறிப்பில் தம்மையே நொந்துகொண்டார். நோயைக் குற்றமாகக் கொள்ளும் இவ்வெண்ணம் நோயுற்ற பெண்கள் பலரிடம் காணப்படுவதே. வேறு நாள்களில் எழுத்து முன்னே பிள்ளை ஆசை மங்கிவிட்டதாகவும் எழுதினார்.

எழுத்து

1925இல் வெளியான மிசஸ் டாலோவே புதினத்தில் வரும் மருத்துவர் பிராட்ஷா, மனநோயாளரை அடைத்துவைப்பவர். அவர்கள் பிள்ளை பெறுவதைத் தடுப்பவர். இப்பாத்திரத்தில் ஆசிரியரின் பட்டறிவைக் காண்போர் பலர். 1927இல் வந்த டு த லைட்அவுஸ் புதினத்தின் திருமதி ராம்சே, தாய் ஜூலியாவின் சாயலில் அமைந்தவர்.

மறைவு

நோய் மீண்டும் வருவதை உணர்ந்த வெர்ஜீனியா, 1941இல் சசெக்சில் ஊசு ஆற்றில் மூழ்கி உயிர்நீத்தார். மனவெழுச்சி நோய்க்கு லித்தியம் பயன்படுவதை ஆத்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டது 1949இல்தான். மனநோயுள்ள தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒருங்கே பேணும் மருத்துவமனைப் பிரிவுகள் இங்கிலாந்தில் அதே காலத்தை ஒட்டித் தோன்றின. இந்தியாவில் பெங்களூரு நிம்கான்சு நிறுவனத்தில் 2009இல் அத்தகைய பிரிவு தொடங்கப்பட்டது.