தையல் இயந்திரம் தந்த எலியாஸ் ஹோவே

என் தந்தையார் கம்பத்தில் ஜீப்புகளுக்குப் படுதா தைப்பவர். ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு ஏறும் ஜீப்புகள் சிலவற்றில் அவர் தைத்த படுதாவைக் காணலாம். வீட்டிலிருந்த கால் மெஷினில் நான்கு மடிப்பு வந்தால் ஊசி ஒடியும். அந்த இடங்களை அம்மா கோணி ஊசியால் தைப்பார். சென்ற ஆண்டு அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் பவர் மெஷின் வாங்கினோம். அதே மாதம்தான் என் கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. இந்த இயந்திரத்தின் மூலவர் யாரென்று அப்போதுதான் நூலகத்தில் தேடினேன்.

சிங்கர் என்னும் பெயரை அறியாதார் இலர். அவருக்கு முன்னவர் எலியாஸ் ஹோவே. 1819-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். ஒரு கால் ஊனம். பஞ்சாலையிலும் பட்டறையிலும் கூலிக்கு உழைத்தார். மனைவியும் கூலிக்குத் தைத்தே குடும்பம் நடந்தது. இயந்திர ஊசியின் வடிவம் அவருக்குக் கனவில் தோன்றியதாக ஒரு கதை உண்டு. நான் அதை நம்பவில்லை.

கை ஊசிக்குக் காது பின்புறம் இருப்பதால் முழு ஊசியும் துணியைக் கடந்தாக வேண்டும். ஹோவேயின் ஊசிக்குக் காது கூர்முனையருகே இருந்தது. முனை நுழைந்து திரும்புகையில் நூல் வளையமாகத் தங்கும். அவ்வளையத்தினுள் ஓர் ஓடம் இரண்டாம் நூலைக் கொண்டு செல்லும். தையல் பூட்டிக்கொள்ளும். வால்டர் ஹன்ட் என்பவர் இதனை முன்னரே கண்டிருந்தும் காப்புரிமை பெறவில்லை. ஹோவே 1846-இல் பெற்றார்.

ஆனால் வாங்குவார் இல்லை. இலண்டனில் மகளிர் கச்சை செய்யும் வில்லியம் தாமஸ் என்பவருக்கு ஓர் இயந்திரமும் இங்கிலாந்து உரிமையும் 250 பவுனுக்குப் போயின. தடித்த கச்சைத் துணிக்கேற்ப இயந்திரத்தை மாற்றியமைக்க ஹோவேயே கப்பலேறினார். அங்கும் மனத்தாங்கல். இயந்திரத்தையும் காப்புரிமைத் தாள்களையும் அடகு வைத்து, வெறுங்கையுடன் ஊர் திரும்பினார். மனைவி நோயில் மாண்டார். இதற்கிடையே சிங்கர் முதலியோர் அவருடைய முறையிலேயே இயந்திரங்கள் செய்து விற்கத் தொடங்கினர். வழக்காடி 1854-இல் வென்றார். சிங்கர் 15,000 டாலர் கொடுக்க நேர்ந்தது. விற்கும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பங்கு வரலாயிற்று. செல்வரான பின்னரும் உள்நாட்டுப் போரில் சாதாரணச் சிப்பாயாகவே சேர்ந்தார். காப்புரிமை முடிந்த 1867-ஆம் ஆண்டிலேயே, 48-ஆம் வயதில் மறைந்தார்.

இக்கட்டுரையை வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அடகு வைத்ததை அந்த மனிதர் மீட்டாரா என்று அம்மா கேட்டார். மீட்டார் என்றேன்.