பாம்பனில் இறங்கிய குட்வின்



1897 ஜனவரி 26-ல் சுவாமி விவேகானந்தர் நம்ம பாம்பனில் வந்து இறங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரோடு வந்த ஒரு வெள்ளைக்கார வாலிபரைத் தெரியுமா? அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெயர் ஜோசையா ஜான் குட்வின். 1870 செப்டம்பர் 20-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சுருக்கெழுத்துதான் அவர் பிழைப்பு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அக்காமார் படிப்பார்களே, அந்த ஷார்ட்ஹேண்ட்!

1895 டிசம்பர். நியூயார்க்கில் சுவாமியின் பேச்சைக் குறிப்பெடுக்க ஆள் தேடினார்கள். சுவாமி எழுதி வைத்துப் பேசுகிறவர் இல்லை. அப்போ டேப்ரிக்கார்டரும் கிடையாது. முன்னால் வந்தவர்களால் அந்த வேகத்துக்கு எழுத முடியவில்லை. குட்வினால் முடிந்தது. சம்பளத்துக்கு வந்தவர்தான். ஆனால் கேட்டுக் கேட்டு எழுதியதில் மனசே மாறிப்போச்சு. சில நாளிலேயே சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிரம்மச்சரிய விரதம் எடுத்துச் சீடரானார். பகலில் குறிப்பெடுப்பது, ராத்திரி டைப் அடிப்பது என்று உழைத்தார். கர்ம யோகம் என்ற புத்தகம் அப்படி வந்ததுதான்.

குருவோடு லண்டன் போனார். பிறகு கொழும்பு வழியாக நம்ம கரைக்கு வந்தார். அப்போ வயசு 26. பாம்பனில் பாஸ்கர சேதுபதி ராஜாவே சுவாமியின் வண்டியை ஜனங்களோடு சேர்ந்து இழுத்தார். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில், ஏழைகளிடமும் நோயாளிகளிடமும் சிவனைப் பார்ப்பதுதான் உண்மையான பூஜை என்று சுவாமி பேசினார். அந்தப் பயணத்தில் பேசியவை ‘கொழும்பு முதல் அல்மோரா வரை’ என்ற புத்தகமாக இருக்கின்றன. அதில் பெரும்பகுதி குட்வின் கைபட்டது.

எனக்குத் தோணுவது இதுதான். பேசியவர் பெயர் நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சு காற்றோடு போகாமல் பிடித்து வைத்தவர் பெயர் நிறையப் பேருக்குத் தெரியாது. அவரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. எழுதுவதையே தவமாகச் செய்தார்.

1898 ஜூன் 2-ல் ஊட்டியில் குடல் காய்ச்சலில் இறந்தார். வயசு 27 தான். அல்மோராவில் இருந்த சுவாமி தன் வலது கையே போய்விட்டதாக வருந்தினார். ஒரு கவிதை எழுதி குட்வினின் அம்மாவுக்கு அனுப்பினார்.

ஊட்டி டூர் போகிறவர்கள் செயின்ட் தாமஸ் சர்ச்சுக்கும் போய் வாருங்கள். அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது. நம்ம கடற்கரைக்கு வந்துபோனவர். இரண்டு பூ வைத்துவிட்டு வரலாமே!