கதர் அணிந்ததால் பட்டம் கைநழுவிய மாணவர்: ஃபோலிக் அமிலம் தந்த சுப்பாராவின் வாழ்க்கை

வளரிளம் பருவ மாணவ, மாணவியருக்குப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை வழங்கப்படும் நீல நிற மாத்திரையில் இரும்புச் சத்துடன் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளது. அந்த அமிலத்தை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர், மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முயற்சியில் தேறிய எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் பீமாவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில் ராமகிருஷ்ண மடத்தில் துறவியாகச் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை. அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று, அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கி அணிந்து சென்றார். இது ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்குக் காரணமாயிற்று. முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில், அதனினும் தாழ்வாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கான கதவும் அடைபட்டது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஈர்க்க இயலாமல் உடல் மெலிந்துபோகும் ஸ்ப்ரூ என்னும் நோய்க்குச் சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்து இழந்தார். அவரையும் அந்நோய் தாக்கியது. ஆயுர்வேத சிகிச்சையில் தேறினார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் உடற்கூறியல் கற்பித்தவர், மாமனாரும் காக்கிநாடா அறக்கட்டளை ஒன்றும் அளித்த பண உதவியுடன் 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா புறப்பட்டார். மனைவி சேஷகிரியை அதன்பின் அவர் சந்திக்கவே இல்லை.

பாஸ்டனில் மருத்துவமனையில் இரவுப் பணியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். உடல் திரவங்களில் பாஸ்பரஸ் அளவைக் கண்டறியும் முறையை சைரஸ் ஃபிஸ்குடன் இணைந்து 1925இல் வெளியிட்டார். தசைகளுக்கு ஆற்றல் அளிக்கும் பாஸ்போகிரியாட்டின், ஏ.டி.பி. ஆகியவை பற்றிய ஆய்வுகள் தொடர்ந்தன. மேல்நிலைப் பள்ளி உயிரியல் பாடத்தில் ஏ.டி.பி.யைப் படிக்காத மாணவர் இல்லை. சுப்பாராவின் பெயரை அறிந்தோர் சிலரே. 1930இல் முனைவர் பட்டம் அளித்த ஹார்வர்டு, நிரந்தரப் பதவி வழங்கவில்லை.

1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் உள்ள லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத் தேடல் அங்குதான் கனிந்தது. இதற்கு முன்பே, பம்பாயில் ரத்தசோகையுற்ற கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாறு பயனளித்ததை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1931இல் பதிவு செய்திருந்தார். அச்சாற்றில் இருந்த சத்து இதுவே. சுப்பாராவின் குழு 1945இல் இதைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தானது.

கீரையிலும் பயறு வகைகளிலும் கிடைக்கும் இந்த வைட்டமின் குறைந்தால் ரத்தசோகை மட்டுமன்றி, சோர்வும் எரிச்சலும் கவனச் சிதறலும் ஏற்படலாம். மனச்சோர்வுக்கு ஆளானோரில் பலரிடம் இதன் அளவு குறைந்திருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆயினும் மனநல சிகிச்சைக்கு இது மாற்றன்று.

ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தும் அவரது குழுவிலிருந்தே வந்தது. ரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அது தற்காலிக நிவாரணம் அளித்ததாக மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948 ஜூனில் அறிவித்தார். யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் இக்குழுவின் கொடையே.

ஃபார்பரின் அறிக்கை வெளியான இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்டில், உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. நூற்றாண்டையொட்டி 1995இல் இந்திய அஞ்சல் துறை அவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.