பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தவர்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் நண்பர்கள் பலர் திருப்பதியில் சென்னைப் புகைவண்டி ஏறுகிறவர்கள். ரேணிகுண்டா, புத்தூர், ஏகாம்பரகுப்பம், திருத்தணி, அரக்கோணம் எல்லாம் கடந்தபின், திருவள்ளூருக்குச் சற்று முன்னால் கடம்பத்தூர் என்றொரு சிறு நிலையம் வரும். அந்தப் பெயர்ப் பலகையை நாம் யாரும் ஊன்றிப் பார்ப்பதில்லை.

1958-ஆம் ஆண்டில் அந்த ஊரில் ஒரு மாநாடு நடந்தது. அது கட்சி மாநாடு அன்று; சமய மாநாடும் அன்று. தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களுக்கு என்னென்ன குறை, அதற்குத் தங்களால் ஆனது என்ன என்று ஊர் மக்கள் கூடிப் பேசிய மாநாடு. பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று அதற்குப் பெயர். பிறகு மாநிலம் முழுவதும் இத்தகைய மாநாடுகள் நடந்தன. நிலம் உள்ளவர் நிலம் கொடுத்தார். பணம் உள்ளவர் கட்டடம் கொடுத்தார். ஒன்றும் இல்லாதவர் உடலுழைப்பைக் கொடுத்தார். அந்நாளில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் காமராசர்.

அவர் வாழ்க்கையை அறிந்த அளவில் இங்கே எழுதத் துணிகிறேன். நான் வேதியியல் மாணவன். வரலாறு எழுதிப் பழகியவன் அல்லன். எனினும் எழுதுவதற்கு எனக்கு ஒரு கடமை உண்டு. அது என்ன என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

காமராசர் 1903-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் விருதுபட்டியில் பிறந்தார். இன்று விருதுநகர் என்று வழங்கும் ஊர் அது. தந்தையார் குமாரசாமி, தேங்காய் வணிகர். தாயார் சிவகாமி அம்மையார். வீட்டில் முதலில் இட்ட பெயர் காமாட்சி. தாய் ஆசையாக ராசா என்று அழைக்க, இரண்டும் சேர்ந்து காமராசர் ஆயிற்று.

ஆறு வயதில் தந்தையை இழந்தார். தாய் தம் நகைகளை விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். விருதுநகர் வணிகர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி நடத்திய சத்திரிய வித்தியாசாலையில் சிறுவன் படித்தான். ஆறாம் வகுப்போடு அந்தப் படிப்பு நின்றது. தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தான். அந்த வயதில் அவனோடு பள்ளியில் இருந்தவர்கள் புத்தகம் திறந்தபோது, அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

இந்த ஒரு செய்தியை நாம் கடந்து போய்விடக் கூடாது. பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றி நாட்டில் இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, பிள்ளை சோம்பேறி. மற்றொன்று, பெற்றோர் அறியாதவர். காமராசர் பள்ளியை விட்டது சோம்பலாலா? சிவகாமி அம்மையார் கல்வியின் அருமை அறியாதவரா? இரண்டும் இல்லை. வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பிற்காலத்தில் ஆட்சி அவர் கைக்கு வந்தபோது, வராத பிள்ளையைக் குறை சொல்லாமல், அந்தப் பிள்ளையை வரவிடாமல் தடுப்பது எது என்று அவர் தேடினார். அந்தத் தேடலுக்கு விதை விருதுநகர்த் துணிக்கடையில் விழுந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

கடையில் இருந்தபடியே செய்தித்தாள் படித்தார், கூட்டங்களுக்குச் சென்றார். 1919-இல் நடந்த ஜாலியன்வாலாபாக் படுகொலை அவரை விடுதலைப் போரில் ஈடுபடுத்தியது. 1930-இல் உப்பு அறப்போரில் சிறை சென்று, தொலைதூர அலிப்பூரில் அடைபட்டார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானார். 1942-இல் தொடங்கிய இறுதிப் போரில் மீண்டும் சிறைப்பட்டு, 1945-இல் வெளிவந்தார். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறை. பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையில் புத்தகங்களோடு தொடர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1954 ஏப்ரல் 13-ஆம் நாள் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் இராஜாஜியின் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் வந்திருந்தது. கிராமப் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரத்தில் வீட்டுத் தொழில் பழகுதல். இருக்கின்ற பள்ளிகளிலேயே கூடுதலான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது திட்டத்தின் நோக்கம். ஆனால் அப்பன் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப்போடும் ஏற்பாடு இது என்று தமிழகமே கொதித்தது. காமராசர் பதவியேற்ற சில வாரங்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

விலக்கியது எளிது, வேறொன்று செய்வது அரிது. பிள்ளைகள் நடந்து போகும் தொலைவில் பள்ளி வேண்டும் என்று சிற்றூர்களிலெல்லாம் ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தார்கள். பள்ளி வந்தது, ஆசிரியரும் வந்தார், பிள்ளைகள் முழுதாக வரவில்லை. வந்தவர்களிலும் பலர் நண்பகலில் வீட்டுக்குப் போனால் திரும்புவதில்லை. வீட்டில் சோறு இருந்தால் அல்லவா உண்டுவிட்டுத் திரும்புவார்கள்? தாயும் தந்தையும் வயலில் இருப்பார்கள். பிள்ளை ஆடு மேய்த்தால் அரை வயிற்றுக் கூழாவது கிடைக்கும்.

ஆகவே பள்ளியிலேயே சோறு போடுவது என்று முடிவாயிற்று. பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. ஊர் மக்களிடம் கையேந்தக் காமராசர் கூசவில்லை. 1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊராரின் கொடையால் நடந்தது. 1957-இல் அரசாங்கமும் பங்கு தர முன்வந்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசாங்கம் தர, நான்கு காசை ஊரார் தந்தார்கள். ஆண்டுக்கு 200 நாள் பள்ளி. 200 நாளும் சோறு. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இந்தப் பணிகளில் அவருக்கு வலக்கையாக விளங்கினார். பின்பு சீருடை வந்தது. கந்தலோடு வரக் கூசிய பிள்ளையும் மற்றவரோடு ஒன்றாக உட்கார வழி பிறந்தது. 1960 முதல் ஏழை மாணவர்களுக்கு உயர்நிலைப் பள்ளி வரை கட்டணமும் நீங்கியது.

வேதியியல் படிப்பவன் என்பதால் ஓர் ஒப்புமை சொல்ல விடுங்கள். சில பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரியக் கூடியவையே. ஆனாலும் நடுவில் ஒரு தடை இருப்பதால் அப்படியே கிடக்கும். வினையூக்கி அந்தத் தடையின் உயரத்தைக் குறைக்கிறது. உடனே வினை நடக்கிறது. படிக்கும் ஆசை பிள்ளைகளிடம் இருந்தது. படிக்கவைக்கும் ஆசை தாய்மாரிடம் இருந்தது. ஒரு பிடி சோறு தடையைத் தாழ்த்தியது.

பள்ளியில் சோறு போட்டவர்களில் காமராசர்தாம் முதல்வர் என்று சொன்னால் அது பிழையாகும். 1920-இலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தியாகராயர் அதைத் தொடங்கியிருந்தார். சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. ஒரு நகரத்தில் நின்றுபோனதை மாநிலத்தின் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டுசென்றதே காமராசரின் பெருமை. 1951-இல் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 21 பேர். 1961-இல் 31 பேர்.

நாம் வாழும் திருப்பதி அன்று அடங்கியிருந்த சித்தூர் மாவட்டத்துக்கு அந்தச் சோறு வந்ததா? வரவில்லை. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனோடு சென்றது. காமராசர் முதலமைச்சரானது அதற்கு ஆறு திங்கள் கழித்து. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி மட்டும் எல்லை மாறிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இந்தப் பக்கம் நெடுநாள் சென்றது. தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டது. அதன்பின் 2003-இல் ஆந்திரப் பள்ளிகள் எங்கும் நண்பகல் சமையல் தொடங்கியது.

இனி என் கடமையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். என் அப்பத்தா 1958-இல் எட்டு வயதுச் சிறுமி. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணை அவள் தாய் பள்ளிக்கு அனுப்பியது அங்கே சோறு போட்டதால்தான். வீட்டிலிருந்து தட்டு எடுத்துப் போனதையும், இடுப்பில் தம்பியைச் சுமந்து போனதையும், சாம்பார் மணத்தை மூன்றாம் பாடவேளையிலேயே அறிந்துகொண்டதையும் அப்பத்தா இன்றும் சொல்வார். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மீண்டும் தீப்பெட்டிக்குப் போய்விட்டார். ஐந்து ஆண்டுதான். ஆனால் அந்த ஐந்து ஆண்டு இருந்ததால் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தம் பெயரைத் தாமே எழுதியவர் அவரே.

2009-இல், எனக்கு ஏழு வயதில், அப்பா சித்தூரில் ஒரு மளிகைக் கடைக்கு வேலைக்கு வந்தார். அம்மா மாம்பழக் கூழ் ஆலைக்குப் போனார். என்னைத் தெலுங்கு வழிப் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கேட்ட கேள்விக்கு விழித்தேன், மற்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் வயிற்றுவலி என்றேன். அப்படியே ஒன்றரைத் திங்கள் வீட்டில் இருந்தேன். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டு வரவில்லை. பதிவேட்டில் என் பெயரை அடித்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

என்னைத் திரும்பப் பள்ளிக்கு இழுத்தது அறிவு வேட்கை என்று எழுத ஆசைதான், உண்மை அதுவன்று. ஆலையில் மாம்பழக் காலம் வந்தது. பகலில் வீட்டில் சமைக்க ஆள் இல்லை. பள்ளியில் சோறு உண்டு என்று அப்பத்தா தொலைபேசியில் அப்பாவுக்கு நினைவூட்டினார். போனேன். சமைக்கும் அம்மாள் தமிழ் அறிந்தவர். தட்டில் சோறு வைத்துக்கொண்டே தண்ணீருக்கு என்ன, உப்புக்கு என்ன என்று தெலுங்குச் சொற்களைச் சொல்லித் தந்தார். எனக்கு முதல் தெலுங்கு ஆசிரியை அவர்தாம். சாத்தூரில் அப்பத்தாவை அழைத்த சோறு, ஐம்பது ஆண்டு கழித்துச் சித்தூரில் என்னை அழைத்தது. அந்தக் கடனுக்காகவே இதை எழுதுகிறேன்.

காமராசரின் எஞ்சிய வாழ்க்கையைச் சுருங்கச் சொல்லலாம். 1963 அக்டோபர் 2-ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். அதே திங்களில் அவரும் சஞ்சீவ ரெட்டி, நிஜலிங்கப்பா, அதுல்ய கோஷ் ஆகியோரும் நாம் படிக்கும் இந்தத் திருப்பதியில் கூடி, நேருவுக்குப் பின் நாட்டுத் தலைமை என்னாவது என்று கலந்து பேசினார்கள். அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகி, இரண்டு பிரதமர்கள் பதவியேற உறுதுணையாக நின்றார். 1967-இல் தாம் பிறந்த விருதுநகரிலேயே தேர்தலில் தோற்றார். தோல்வியை அமைதியாக ஏற்றார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் காலமானார். சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொள்ளாமலே போனார். மறு ஆண்டில் பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு வந்தது. அவர் பிறந்த நாளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன.

அவர் தொடங்கிய சோறு 1982-இல் சத்துணவாக விரிந்தது; 2022-இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. இந்தப் பக்கத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2020 சனவரியில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்குப் பதினையாயிரம் ரூபாய் தரும் திட்டம் நம் சித்தூரில்தான் தொடங்கப்பட்டது. பிள்ளையின் வருகை நூற்றுக்கு 75 இருக்க வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது.

சோறு வந்துவிட்டது, பணமும் வந்தது. ஆயினும் நண்பர்களே, இன்னும் சில பெயர்களுக்கு நேரே வராதவன் என்றே குறி விழுகிறது. திருப்பதியில் எழும்பும் புதிய கட்டடங்களின் அடியில் தகரக் கொட்டகைகளைப் பாருங்கள். வேலூர்ப் பக்கமிருந்தும் திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் வந்த நம்மவர் குழந்தைகள் பகலில் அங்கே இருப்பார்கள். சென்ற திங்கள் அப்படி ஒரு சிறுவனிடம் பேசினேன். பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள், மூன்று நாள் போனானாம். பிறகு போகவில்லை. அங்கே பேசுவது புரியவில்லை என்றான். ஏழு வயதில் நான் சொன்ன வயிற்றுவலியை அவனும் வீட்டில் சொல்லியிருக்கிறான்.

அவனுக்குள்ள தடை பசி அன்று, மொழி. அதை நீக்கச் சட்டசபை கூட வேண்டியதில்லை. தமிழும் தெலுங்கும் அறிந்த ஒருவர் காலையில் அவனோடு பள்ளி வாசல் வரை நடந்தால் போதும்; மாலையில் அரை மணி உட்கார்ந்து இரண்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் போதும். இருமொழியும் அறிந்தவர் நம் சங்கத்தில் எத்தனை பேர்! கடம்பத்தூரில் கூடியவர்கள் நம்மினும் செல்வர்கள் அல்லர். அவரவரிடம் இருந்ததை அவரவர் கொண்டுவந்தார்கள். நம்மிடம் இருப்பது இரண்டு மொழி.

அந்தச் சிறுவனை வருகிற திங்கட்கிழமை காலை நான் அழைத்துப் போகிறேன். அதே கொட்டகையில் இன்னும் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். உடன் வர நான்கு பேர் வேண்டும்.