தம் உடலையே முதலில் தந்தவர்

1896-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாயைப் பிளேக் நோய் பற்றிக் கொண்டது. மக்கள் ஊரைவிட்டு வெளியேறிக் கொண்டிருந்த வேளையில், நோயை எதிர்கொள்ள நகருக்குள் வந்தார் வால்டமார் ஹாஃப்கின்.

1860-இல் ஒடெஸ்ஸாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பாரிஸில் காலராவிற்குத் தடுப்பூசி உருவாக்கி, 1892-இல் அதைத் தமக்கே முதலில் செலுத்திக் கொண்டார். பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறிய இடத்தில் இரவு பகலாக உழைத்து, சூட்டினால் கொல்லப்பட்ட பிளேக் கிருமிகளிலிருந்து மருந்து தயாரித்தார். 1897 ஜனவரி 10 அன்று அதையும் முதலில் ஏற்றது அவரது உடலே. காய்ச்சலும் வலியும் வந்தன; அவர் கலங்கவில்லை. அதன்பின்னரே அம்மருந்து பிறருக்கு அளிக்கப்பட்டது.

1902-இல் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக் கொண்ட 19 பேர் டெட்டனஸ் நோயால் இறந்தனர். பழி அவர்மீது விழுந்தது, பதவி போயிற்று. ஆய்வகத்தில் அல்ல, புட்டியைத் திறந்த இடத்தில்தான் கிருமி கலந்தது என்று ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடினர். 1907-இல் களங்கம் நீங்கியது. தம்மைப் பழித்த அரசின்கீழேயே மீண்டும் இந்தியா வந்து, கல்கத்தாவில் பணியைத் தொடர்ந்தார். 1930-இல் லோசான் நகரில் மறைந்தார்.

தாராவிக்கும் மாதுங்காவிற்கும் தெற்கே, பரேலில் உள்ள அவரது ஆய்வகம் 1925 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பிறருக்குத் தருவதைத் தாமே முதலில் ஏற்பதும், பழி வந்தபோதும் பணியை விடாதிருப்பதுமே தொண்டு என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.