பிரெடரிக் லா ஓம்ஸ்டெட்

பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் (ஏப்ரல் 26, 1822 - ஆகஸ்ட் 28, 1903) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நிலத்தோற்ற வடிவமைப்பாளரும் இதழாளரும் ஆவார். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவைக் கல்வெர்ட் வோக்ஸ் என்பவருடன் இணைந்து வடிவமைத்தார். நெரிசலான நகரங்களில் வாழ்வோர் நடக்கவும் இளைப்பாறவும் பொதுவெளி தேவை என்பதை அமெரிக்க நகரங்கள் ஏற்கச் செய்தவர்களுள் முதன்மையானவர்.

இளமை

கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கண் பாதிப்பினால் யேல் கல்லூரியில் சேர இயலவில்லை. 1843இல் சீனா சென்ற கப்பலில் பணியாற்றினார். பின்னர் ஸ்டேட்டன் தீவில் வேளாண்மை செய்தார். 1850இல் இங்கிலாந்தில் நடைப்பயணம் மேற்கொண்டபோது லிவர்பூலுக்கு அருகிலுள்ள பர்க்கன்ஹெட் பூங்காவைக் கண்டார். பொதுப்பணத்தில் அமைந்த அப்பூங்காவில் எளியோரும் செல்வரும் ஒருசேர உலாவியது அவரைக் கவர்ந்தது. தென்மாநில அடிமை முறை பற்றி அவர் எழுதிய நூல்களும் குறிப்பிடத்தக்கவை.

சென்ட்ரல் பூங்கா

1857இல் பூங்காவின் கண்காணிப்பாளரானார். அடுத்த ஆண்டு நடந்த வடிவமைப்புப் போட்டிக்கு வந்த 33 திட்டங்களுள் ஓம்ஸ்டெட், வோக்ஸ் இருவரின் திட்டம் தேர்வானது. நகரப் போக்குவரத்துக்கான நான்கு குறுக்குச் சாலைகள் தரைமட்டத்துக்குக் கீழே அமைக்கப்பட்டன. நடப்போர், குதிரையில் செல்வோர், வண்டியில் செல்வோர் ஆகியோருக்குத் தனித்தனிப் பாதைகள் இடப்பட்டு, அவை பாலங்களால் பிரிக்கப்பட்டன. இதனால் நடப்பவர் வண்டிக்கு அஞ்சாமல் நெடுந்தூரம் செல்ல முடிந்தது. மோட்டார் வண்டிகள் தோன்றும் முன்பே இது சிந்திக்கப்பட்டது வியப்புக்குரியது.

எனினும் இப்பூங்காவுக்காகச் சுமார் 1,600 பேர் வெளியேற்றப்பட்டனர். கறுப்பினத்தவர் பலர் சொந்த நிலத்தில் வாழ்ந்த செனிக்கா கிராமம் 1857இல் அழிந்தது. தொழிலாளர் பெரும்பாலும் தீவின் தென்பகுதியில் வசித்ததால், தொடக்க ஆண்டுகளில் பூங்கா அவர்களுக்கு எட்டாத் தொலைவில் இருந்தது. அமைதியான இயற்கைக் காட்சியே முதன்மையானது என ஓம்ஸ்டெட் கருதினார். குளிர்காலப் பனிச்சறுக்கு பெரும் கூட்டத்தை ஈர்த்தபோதும், பேஸ்பால் ஆடப் பள்ளிச் சிறுவர்கள் ஆசிரியரின் சான்றுடன் வரவேண்டியிருந்தது.

சார்ல்ஸ்பாங்க்

பாஸ்டன் நகரில் அவரது அணுகுமுறை மாறியதைக் காணலாம். குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த வெஸ்ட் எண்ட் பகுதியின் ஆற்றங்கரையில் அவர் வடிவமைத்த சார்ல்ஸ்பாங்க் பூங்காவில், 1889இல் ஆண்களுக்கும் 1891இல் பெண்களுக்கும் கட்டணமற்ற திறந்தவெளி உடற்பயிற்சிக்கூடங்கள் திறக்கப்பட்டன. வீட்டிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் இவை அமைந்ததே இவற்றின் சிறப்பு. 1951இல் முடிக்கப்பட்ட ஸ்டாரோ விரைவுச்சாலை அப்பூங்காவைப் பெரிதும் சிதைத்து, குடியிருப்புகளையும் ஆற்றங்கரையையும் பிரித்தது.

இறுதிக்காலம்

நினைவாற்றல் குன்றியதால் 1895இல் தொழிலிலிருந்து விலகினார். மசாசூசெட்சின் மக்லீன் மனநல மருத்துவமனையில் காலமானார். அம்மருத்துவமனைக்கு இடம் தேர்ந்தெடுக்க முன்பு ஆலோசனை வழங்கியவர் அவரே.