சுவரை ஊடுருவிய அலை: ஜகதீஷ் சந்திர போஸ்

வன்னியில் ‘வயர்லெஸ்’ என்றால் போர்க்காலம்தான் முதலில் நினைவுக்கு வரும். பற்றரிக்குத் தடை இருந்த நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். அதே கம்பியில்லா அலைகள் இன்று வீதியில் உயிர்காக்கும் கருவியாகியுள்ளன. அந்த ஆய்வின் முன்னோடிகளில் ஒருவர் வங்காளத்தின் ஜகதீஷ் சந்திர போஸ்.

1858 நவம்பர் 30 இல் பிறந்தவர். தந்தை அரச அதிகாரி. ஆயினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே மீனவரின் பிள்ளையுடன் ஒன்றாக இருந்து படித்தார் போஸ். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று இயற்கை விஞ்ஞானம் கற்றார்.

1885 இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கச் சேர்ந்தபோது, ஐரோப்பியரை விடக் குறைந்த சம்பளமே வழங்கப்பட்டது. அதைத் தொடாமலேயே மூன்று ஆண்டுகள் கற்பித்தார். இறுதியில் நிர்வாகம் பணிந்து, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது.

ஒழுங்கான ஆய்வுகூடம் இல்லை. சிறிய அறையொன்றில் கருவிகளைத் தானே வடிவமைத்து, 5 மில்லிமீற்றர் வரை குறுகிய மின்காந்த அலைகளை உருவாக்கினார். 1895 இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் அனுப்பிய அலைகள் சுவரை ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தைப் பற்றவைத்தன. 1897 இல் இலண்டன் ரோயல் நிறுவனத்தில் தன் ஆய்வை விளக்கினார்.

கண்டுபிடிப்பை விற்றுப் பணம் பண்ண அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று கிடைத்தது. அதையும் காலாவதியாக விட்டார். பின்னாளில் தாவர ஆய்வில் இறங்கி, 1917 இல் போஸ் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 1937 நவம்பர் 23 இல் காலமானார்.

இன்று வாகனங்கள் தம் இடத்தையும் வேகத்தையும் விநாடிக்குப் 10 தடவை வரை ஒன்றுக்கொன்று கம்பியின்றி அறிவிக்க முடியும். முன்னே செல்லும் பஸ் திடீரென நின்றால், கண்ணுக்குத் தெரியுமுன்பே பின்னால் வரும் சாரதிக்கு எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் அதற்கு இரு வாகனங்களிலும் கருவி வேண்டும். ஏ9 வீதியில் இரவில் குறுக்கிடும் மாட்டிடமோ, விளக்கில்லாத சைக்கிளிடமோ அது இராது. அங்கே கைகொடுப்பது வாகன ரேடார். அது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அலையில் இயங்குகிறது; போஸ் கையாண்ட அதே மில்லிமீற்றர் அலைவகை. எதிரே நிற்பதில் பட்டுத் திரும்பிவந்து சொல்லும்.

காவலில்லாத புகையிரதக் கடவைகளில் உறவுகளைப் பறிகொடுத்த நமக்கு, சில விநாடிகள் முந்திவரும் எச்சரிக்கையின் பெறுமதி தெரியும். போஸ் பூட்டிவைக்காமல் விட்டுச்சென்ற அறிவு, விலையுயர்ந்த கார்களோடு நின்றுவிடாமல் நம் கடவைகளுக்கும் பஸ்களுக்கும் வந்துசேர வேண்டும்.